திறக்காத கதவும் பழி சுமந்த கீபேடும்



இந்த வாரம் ஒரு கதவைப் பற்றி எழுதுகிறேன். உவமையாகச் சொல்லப்படும் கதவு அன்று. ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கின் ஓட்டுநர் பக்கத்துக் கதவு. அமெரிக்காவில் வாழும் நம் சபையாரில் பலருக்கு இந்த வண்டியே பிழைப்பின் கருவி. ஏணியும் வர்ண டப்பாக்களும் ஏற்றிச் செல்கிறவர்கள், வீடுகளின் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர்கள், புல்வெட்டும் தொழில் நடத்துகிறவர்கள் வாரத்தின் ஆறு நாட்களும் அதில்தான் வாழ்கிறார்கள். அந்தக் கதவில் ஐந்து பொத்தான்கள் கொண்ட கீபேட் ஒன்று உண்டு. ஐந்து எண்களை வரிசையாக அழுத்தினால் சாவியில்லாமலே கதவு திறக்கும். அது கெட்டுப்போய், புதியதை வாங்கி மாட்டிய பின்பும் கதவு திறக்கவில்லையென்றால் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்பதே இன்றைய பொருள்.

போதகருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் மெக்கானிக் அல்லன். ஆனால் ஆராதனை முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பேசும்போது, “பாஸ்டர், புதுசு மாட்டியும் திறக்கவில்லை” என்ற முறையீட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எபிரெயு இலக்கணத்தோடு மூன்று ஆண்டுகள் போராடியவனுக்கு வண்டியின் கையேடு அவ்வளவு கடினமான நூலும் அன்று. உரிமையாளர் கையேட்டைப் போல வாசிக்கப்படாமல் பெட்டிக்குள் கிடக்கும் நூல்கள் நம் வீடுகளில் வேறு சிலவும் உண்டு. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக மாட்டிய பொருள் வேலை செய்யாதபோது, அந்தப் பொருளையும் அதை விற்றவரையும் மாட்டினவரையும் உடனே குற்றவாளிகளாக்குவது நியாயமன்று. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அது இருக்கிறது என்பதே அதன்மேல் பழி விழுவதற்குக் காரணமாகிவிடுகிறது. சோதித்துப் பார்க்கும் முன்னே இரண்டாவது கீபேடை வாங்குவது, சாட்சியை விசாரியாமல் தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பானது.

இப்படி நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கருவியின் அமைப்பே. ஃபோர்டு நிறுவனம் இந்த முறையை 1980ஆம் மாடல் ஆண்டில் தண்டர்பேர்ட், லிங்கன் போன்ற உயர்தரக் கார்களில் அறிமுகப்படுத்தியது. பின்னர் அது டிரக்குகளுக்கும் வந்தது. 1-2, 3-4, 5-6, 7-8, 9-0 என்று ஒவ்வொரு பொத்தானும் இரண்டு எண்களைச் சுமக்கின்றது. வண்டி தொழிற்சாலையைவிட்டு வெளிவரும்போதே ஐந்து இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீடு அதற்கு அளிக்கப்படுகின்றது. அந்தக் குறியீடு எங்கே இருக்கின்றது? நம்மில் பெரும்பாலோர் நினைப்பது போலக் கீபேடுக்குள் இல்லை. வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மாட்யூல் ஒன்றில் அது பதிந்திருக்கின்றது. கதவிலுள்ள கீபேட் வெறும் பொத்தான்களின் தொகுதி. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை வயர் வழியாகத் தெரிவிப்பது மட்டுமே அதன் பணி. சரியா தவறா என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மாட்யூலே.

நியாயாதிபதிகள் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் யோர்தான் துறையில் நடந்த சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றைக் கடக்க வந்த எப்பிராயீமரை “ஷிபோலேத்” என்ற ஒரு சொல்லைக் கொண்டு கீலேயாத்தியர் கண்டுபிடித்தார்கள். சொல்கிறவனுடைய வாயில் சோதனை இல்லை. கேட்கிறவனுடைய செவியில்தான் இருந்தது. கீபேடும் அத்தகைய வாயே. வாயை மாற்றினால் செவியில் பதிந்த சொல் மாறுவதில்லை. ஆகவே புதிய கீபேடை மாட்டினவுடன் “இதற்குரிய புதிய எண் என்ன?” என்று கடைக்காரரிடம் கேட்பது பொருளற்றது. வயருடன் இணையும் கீபேடுக்குப் புதிய எண் என்று ஒன்றும் இல்லை. பழைய எண்ணே செல்லும். பெட்டிக்குள் எண் எழுதிய சீட்டு இல்லையே என்று விற்றவரோடு சண்டையிட்டவர்களையும் நான் அறிவேன். அவர் கொடுக்க வேண்டிய சீட்டே அது அன்று.

இங்கே ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. அதை அறியாததனால்தான் பாதிக் குழப்பம் விளைகின்றது. வயரே இல்லாமல், பேட்டரியில் இயங்கி, கதவின்மேல் ஒட்டப்படும் கீபேடுகளும் கிடைக்கின்றன. அவற்றின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அவை உண்மையில் ஒரு ரிமோட். ரிமோட்டுக்குப் பொத்தான்களை ஐந்தாக வைத்துக் கதவில் ஒட்டியதைப் போன்றவை. அவற்றின் குறியீடு அவற்றுக்குள்ளேயே இருக்கின்றது. பெட்டியோடு வரும் அட்டையில் அந்த எண் இருக்கும். வண்டியின் பழைய எண்ணை அவற்றில் அழுத்தினால் ஒன்றும் நடவாது. அன்றியும், ரிமோட்டை அறிமுகப்படுத்துவது போல அந்தக் கீபேடையும் வண்டிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சாவியைத் திருகி ஓட்டும் பழைய மாடல்கள் பலவற்றில், சாவியைப் பத்து வினாடிக்குள் எட்டுமுறை ஆஃப் நிலையிலிருந்து ரன் நிலைக்குத் திருப்ப வேண்டும். கதவுகள் தாமாகவே ஒருமுறை பூட்டித் திறந்தால், வண்டி செவிகொடுக்க ஆயத்தமாயிற்று என்று பொருள். கீபேடை மட்டும் பதிந்துவிட்டு நிறுத்தினால், அதுவரை வேலை செய்த பழைய ரிமோட்டுகள் மறக்கப்பட்டுவிடும். “கீபேட் போட்டவுடன் என் ரிமோட்டும் கெட்டுவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்” என்று புலம்புகிறவருக்கு நேர்ந்தது இதுவே. எல்லா ரிமோட்டுகளையும் ஒரே அமர்வில் சேர்த்துப் பதிய வேண்டும். பொத்தானை அழுத்தி எஞ்சினை இயக்கும் புதிய வண்டிகளுக்கு இந்த எட்டுமுறைத் திருகல் பொருந்தாது.

ஆகவே முதலாவது உங்களை நீங்களே கேட்கவேண்டிய கேள்வி, என் கையில் இருப்பது வயர் உள்ளதா, வயர் அற்றதா என்பதே. அதற்கு விடை தெரியாமல் மற்ற எதையும் தொடாதிருங்கள்.

இனி வயர் உள்ள வகைக்கு வருகிறேன்; நம்மவர்களுடைய டிரக்குகளில் பெரும்பாலும் அதுவே இருக்கின்றது. புதிய கீபேடைச் செருகியாயிற்று, கதவு திறக்கவில்லை. கருவி ஒன்றும் இல்லாமல், செலவு ஒன்றும் இல்லாமல், வண்டியின் அருகில் நின்றே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. கதவின் உட்புறத்துப் பொத்தானாலோ ரிமோட்டாலோ எல்லாக் கதவுகளும் பூட்டித் திறக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பிழை பூட்டு மோட்டாரிலோ ஃபியூஸிலோ இருக்கக்கூடும். கீபேடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவை இயங்குகின்றன என்றால், இருட்டில் ஒரு பொத்தானை அழுத்தி, கீபேடுக்குள் விளக்கு எரிகின்றதா என்று கவனியுங்கள். எரியவில்லையென்றால் மின்சாரமோ எர்த் இணைப்போ வந்து சேரவில்லை, அல்லது கனெக்டர் முழுவதும் உள்ளே செல்லவில்லை என்று எண்ண இடமுண்டு. கனெக்டர் “கிளிக்” என்ற ஓசையுடன் பொருந்தியதா என்பதை நிச்சயப்படுத்துங்கள். அதன் ஊசிகளில் ஒன்று வளைந்தோ பச்சை பூத்தோ இருக்கலாம். மழைநீர் பல ஆண்டுகள் இறங்கிய கதவில் அது அதிசயமன்று.

விளக்கு எரிந்தும் கதவு திறக்கவில்லையென்றால், நான் மிகவும் மெச்சும் ஒரு சோதனை உண்டு. கதவை மூடிவிட்டு 7-8, 9-0 என்ற இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இது எல்லாக் கதவுகளையும் பூட்டும் கட்டளை. பூட்டுவதற்குக் குறியீடு தேவையில்லை. சாவி உங்கள் சட்டைப்பையில் இருப்பதை மட்டும் முன்னதாக உறுதி செய்துகொள்ளுங்கள். கதவுகள் பூட்டிக்கொண்டால், கீபேட் உயிரோடு இருக்கின்றது, மாட்யூலோடு பேசுகின்றது, மாட்யூலும் கேட்கின்றது என்று ஒரே நொடியில் அறிந்துகொள்வீர்கள். அப்போது பிழை இரண்டில் ஒன்றாகவே இருக்கும்: நீங்கள் அழுத்துகிற எண் அந்த வண்டியின் எண் அன்று, அல்லது மீதமுள்ள மூன்று பொத்தான்களில் ஒன்று பேசவில்லை. நூறு டாலருக்கு இன்னொரு கீபேட் வாங்கும் எண்ணத்தை இந்த ஒரு சோதனை தடுத்துவிடும்.

இந்த இடத்தில் பொறுமையைக் குறித்தும் சொல்லவேண்டியிருக்கின்றது. தவறான எண்ணைத் தொடர்ந்து ஏழுமுறை, அதாவது முப்பத்தைந்து அழுத்தங்கள் வரை அழுத்தினால், வண்டி கீபேடை ஒரு நிமிடம் முடக்கிவைக்கும், விளக்கு சிமிட்டும். அந்த நேரத்தில் சரியான எண்ணை அழுத்தினாலும் திறக்காது. கோபத்தில் குத்திக்கொண்டே நிற்கிறவர் அந்த நிமிடத்தை முடியவிடாமல் தாமே நீட்டித்துக்கொள்கிறார். விலகி நின்று, ஒரு நிமிடம் ஒன்றையும் தொடாமல், பின்பு அமைதியாக மீண்டும் அழுத்திப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேறொரு ஊரில் ஊழியம் செய்தபோது நடந்ததை இங்கே குறிப்பிடுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் இதை எழுதும்படி அனுமதித்திருக்கிறார்கள். ஒருவர் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். பழைய எஃப்-150 ஒன்றை வைத்திருந்தார். மற்றவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் சபையாருடைய வண்டிகளைக் குறைந்த கூலிக்குப் பழுதுபார்த்துக் கொடுத்தவர். வர்ணம் பூசுகிறவருடைய கீபேட் வேலை செய்யவில்லை; ரப்பர் பொத்தான்களும் வெடித்திருந்தன. சனிக்கிழமைச் சகோதரர் புதியது ஒன்றை வருவித்து மாட்டினார், தம் கொட்டகையில் எண்ணை அழுத்திக் காட்டினார், பூட்டு திறந்தது. வீட்டுக்குப் போனபோது திறக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்தார், கொட்டகையில் திறந்தது. வீட்டில் திறக்கவில்லை. மூன்றாம் முறை அவர் கொட்டகைக்கு வரவில்லை. வேறிடத்தில் இன்னொரு கீபேட் வாங்கி வேறொருவரைக் கொண்டு மாட்டினார், அதுவும் திறக்கவில்லை. அதற்குள், முதலில் மாட்டியது உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய பொருள் என்றும், புதியது என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டார் என்றும் பேச்சு பரவிற்று. சபையில் பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமைச் சகோதரரும் அவர் மனைவியும் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினார்கள்.

இருவரும் உண்மையே சொன்னார்கள் என்பதுதான் இதில் என்னை இன்றும் சிந்திக்க வைக்கின்றது. கொட்டகையில் சோதித்தபோது கதவு திறந்தே இருந்தது. உள்ளே வேலை செய்துகொண்டே எண்ணை அழுத்திப் பூட்டு அசைவதைப் பார்த்தார். வீட்டில் சோதித்தபோது கதவு மூடியிருந்தது. பழைய மாடல் பலவற்றில் கீபேடின் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி வயர் உண்டு. அவையெல்லாம் கதவின் கீலருகே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு ரப்பர் உறையின் வழியாகக் கேபினுக்குள் செல்கின்றன. ஒவ்வொருமுறை கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த வயர்கள் வளைந்து நிமிர்கின்றன. பல்லாயிரம் முறை வளைந்த பின் உள்ளிருக்கும் செம்பு அறுந்துபோகும்; மேலிருக்கும் உறை முழுமையாகவே தோன்றும். அந்த வண்டியில் 5-6 பொத்தானுக்குரிய வயர் அப்படி அறுந்திருந்தது. கதவு திறந்திருக்கையில் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டன, மூடினால் விலகின. குறியீட்டில் அந்தப் பொத்தான் இரண்டுமுறை வந்தது. கடைசியில் ஒரு வாலிபன் அந்த ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடித்தான். சாண் அளவு வயரைச் சேர்த்துச் சால்டர் செய்து சரிசெய்தார்கள். பின்பு, வெடித்த பொத்தான்கள் உள்ள அந்த முதல் கீபேடையும் செருகிப் பார்த்தார்கள். அதுவும் வேலை செய்தது.

இரண்டு கீபேடுகளின் விலையும் தேவையற்றது. பணத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு நாம் உக்கிராணக்காரர் என்பதை மறந்தும் சொல்லவில்லை. வர்ணம் பூசும் சகோதரர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார்; அந்தக் குடும்பம் இரண்டு மாதத்துக்குப் பின் ஆராதனைக்கு வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை வேலையை அவர் மறுபடியும் தொடங்கவே இல்லை. அவரிடம் வண்டியைக் கொடுத்துக்கொண்டிருந்த விதவைத் தாய்மார் மூவர் வெளியே கடைகளில் முழுக்கூலி கொடுக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் அப்படிப்பட்ட நிலையில் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒருவர் கீபேடின் அருகில் நின்று எண்ணை அழுத்தட்டும்; மற்றொருவர் கதவின் கீலருகே உள்ள ரப்பர் உறையை மெதுவாக அசைக்கட்டும். கதவு திறந்த நிலையில் ஒருமுறை, பாதி மூடிய நிலையில் ஒருமுறை, முழுவதும் மூடியபின் ஒருமுறை சோதியுங்கள். நிலைக்கு நிலை பலன் மாறினால் பிழை வயரில்தான். பரிசோதனைக் கணினி இணைக்கக்கூடிய மெக்கானிக் கிடைத்தால், பல மாடல்களில் பொத்தான்களின் சமிக்ஞை மாட்யூலைச் சென்றடைகின்றதா என்று திரையிலேயே காட்டுவார். அரைமணி நேரச் சோதனைக் கூலியைக் கொடுக்கத் தயங்கி, பொருளுக்கு மட்டும் பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. கையில் வாங்கிப் பார்க்கக்கூடியதற்கே நாம் விலை கொடுக்கிறோம்; ஒருவருடைய அறிவுக்கு விலை கொடுப்பது நமக்குக் கசக்கின்றது. அது மாறவேண்டும் என்பது என் எண்ணம். சோதிக்காமலே “அதை மாற்றுங்கள், இதை மாற்றுங்கள்” என்று சொல்லும் கடைகள் பெருகியதற்கு நாமும் ஒரு காரணம்.

கதவின் உட்பலகையை நீங்களே கழற்றுவதாக இருந்தால் ஒரு வார்த்தை. புதிய கீபேடை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்துவதற்கு முன்னே, கனெக்டரை மட்டும் செருகித் தொங்கவிட்ட நிலையில் சோதித்துவிடுங்கள். பொருத்தியபின் கழற்றினால் பிடிப்புகள் உடையும். உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்ட மறவாதிருங்கள். அது வீணாக வைக்கப்பட்டது அன்று, மழைநீர் கேபினுக்குள் வராதபடி தடுப்பது அதுவே. வாங்கும்போது உங்கள் வண்டியின் மாடல் ஆண்டைச் சொல்லி வாங்குங்கள். வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருந்தும் பின்புறக் கனெக்டர் வேறாக இருக்கும் கீபேடுகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து கீபேடே இல்லாமல் வந்த வண்டியில் புதிதாகப் பொருத்தினால், வயர் மட்டும் போதாது. இங்கே ஒரு கீபேட் உண்டு என்று மாட்யூலின் அமைப்பிலும் எழுத வேண்டும். ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளைக் கொண்டு சிலர் அதைச் செய்கிறார்கள். மாட்யூலின் எண்களைப் புரியாமல் மாற்றினால் வேறெதுவோ நின்றுபோகும். பழக்கமுள்ளவர் அருகில் இல்லாமல் அதைத் தொடாதிருங்கள்.

எண் தெரியாதவர்கள் என்ன செய்வது? இரண்டாம் கையாக வண்டி வாங்கியவர்களுடைய பெருங்குறை இது. கையேட்டோடு வந்த சிறிய அட்டையில் அந்த ஐந்து இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் கையுறைப் பெட்டியைத் தேடுங்கள். இல்லையென்றால் பல மாடல்களில் மாட்யூலின்மேல் ஒட்டிய சீட்டில் அது இருக்கும். மாட்யூல் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் வேறுபடும். சில புதிய மாடல்களில், பதிவு செய்யப்பட்ட இரண்டு சாவிகளும் கையிலிருந்தால், கையேட்டில் சொல்லியபடி ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி எண்ணை வண்டியின் திரையிலேயே காணலாம். இவை ஒன்றும் இயலாதபோது, முகவர் நிலையத்தில் உரிமைப் பத்திரத்தைக் காட்டினால் கணினியை இணைத்து எடுத்துக் கொடுப்பார்கள். அட்டையில் உள்ள எண் சரியாக இருந்தும் திறக்காத வண்டிகளும் உண்டு. முன்பு யாரோ மாட்யூலை மாற்றியிருப்பார்கள். எண் மாட்யூலோடு போய்விட்டது. அட்டை மட்டும் நிற்கின்றது.

எண் கிடைத்தபின் உங்களுக்கென்று ஒரு சொந்த எண்ணை அமைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலை எண்ணை அழுத்தி, ஐந்து வினாடிக்குள் 1-2 பொத்தானை அழுத்தி, பின்பு உங்கள் ஐந்து இலக்கங்களை அழுத்துவது வழக்கமான முறை. கதவு திறந்தபின் ஐந்து வினாடிக்குள் 3-4 அழுத்தினால் மற்றக் கதவுகளும் திறக்கும்.

இது பாதுகாப்பானதா என்று ஒரு சகோதரி கேட்டார். ஐந்து பொத்தான்கள், ஐந்து அழுத்தங்கள்: மொத்தம் 3,125 வகைகளே. வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொன்றாக முயன்றால், ஏழு தவறுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் முடங்குவதனால், காத்திருப்பு மட்டுமே ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடும். திருடன் அவ்வளவு பொறுமையுள்ளவனாக இருந்தால் நேர்மையான வேலை ஒன்றில் நன்றாக முன்னேறியிருப்பான். நான் அஞ்சுவது வேறொன்று. தொழிற்சாலை எண்ணை உரிமையாளரால் அழிக்க முடியாது. வண்டியை முன்பு வைத்திருந்தவர், அவருடைய பிள்ளைகள், அவர் எண்ணைச் சொல்லிய நண்பர் என்று எல்லாரும் அதை அறிவார்கள். அந்த எண் எஞ்சினை இயக்காது, கதவைத் திறக்கும். ஆகவே கடவுச்சீட்டையும் காசோலைப் புத்தகத்தையும் டிரக்கிலேயே வைத்துவிட்டுச் செல்லாதிருங்கள்.

விற்கிறவர்களுக்கும் சொல்கிறேன், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வண்டியை விற்கும்போது சாவியைக் கொடுத்து, அந்த அட்டையைக் கொடாமல் இருப்பது முழுமையான விற்பனை அன்று. எண்ணை மறைத்துவைத்து, வாங்கினவர் முகவரிடம் பணம் கொடுத்துப் பெறும்படி விடுகிறவர், தாம் விற்ற பொருளின் ஒரு பகுதியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அட்டை தொலைந்துவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் அமைத்த சொந்த எண்களைக் கையேட்டில் உள்ளபடி அழித்துவிடுங்கள்.

நம் சபையின் கருவிப்பெட்டியில் மல்டிமீட்டர் ஒன்று இருக்கின்றது. தேவைப்படுகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கேட்டு வாங்கிச் செல்லலாம். அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டுவாருங்கள். அதன் பேட்டரியைச் சென்ற வாரம்தான் மாற்றினோம்.